குதிரை பூட்டாத சாரட்டுகள்

— பிரிக்கறதுக்கு எங்கயாவது ஒரு ஓரம் விட்டிருப்பாங்க, இல்லப்பா? சொல்லு. எங்க விட்டிருக்காங்க?

— இன்னாத்துக்கு பாப்பா பிரிக்கணும்? நாலு பக்கமும் சீலு வெச்சிக் குட்த்துக்கிறாரு ஷாகுல் பாய். தூக்கித் தண்ணில போடு, கட்டுமரமாட்டம் மெதக்கும்.

— எல்லாத்தையுமா லேமினேஷன் போட்டே?

— பின்ன? பாதி புள்ளைக்குச் சட்ட போட்டு பாதி புள்ளைய அம்மணமா வுடுவாங்களா? நீ நேத்து பாரிஸ் கார்னருக்குப் போய்ட்டே. டிவில பாத்தா ரெட் அலர்ட்டுன்றான். வாசப்படி வரைக்கும் தண்ணி வந்துகினு கீது. உன் ஆபீஸ் படமெல்லாம் கட்டிலுக்குக் கீய கெடக்குது. தார்ப்பாய்ல சுத்தி, ஆட்டோ பின்சீட்ல குந்த வெச்சு, நேரா தாம்பரம். ஸ்டேஷனாண்ட பாய் கடைல கல்யாண போட்டோ போட்ற பெரிய மிஷினு கீதுல்ல, அதுல வுட்டு எடுத்துகினு வந்தேன்.

— பரண் மேல தூக்கி வெச்சிருக்கலாமேப்பா.

— ரெண்டாயிரத்துப் பதினஞ்சுல பரணு மேலதான பாப்பா வெச்சோம்? இந்த முடிச்சூர்ல எந்த வூட்டுப் பரண வுட்டுச்சு அந்தத் தண்ணி? வடிஞ்சப்புறம் வந்து பாத்தா இன்னா இருந்துச்சு? உன் பொஸ்தகம், என் ஆர்சி புக்கு, நானும் உங்கம்மாளும் மாலையோட நிக்கற போட்டோ, அல்லாம் களி. கரண்டி போட்டு அள்ளுனோம். ஒண்ணே ஒண்ணு முழுசா கெடச்சிது. இன்னாது அது?

— அப்பா, இப்ப அது வேணாம்.

— இன்னாதுன்னு நீயே சொல்லு.

— என் கம்யூனிட்டி சர்ட்டிபிகேட்.

— ஏன் கெடச்சிது?

— நீ லேமினேஷன் பண்ணி வெச்சிருந்தே.

— ஆங். அத்த வெச்சிகினுதான் காலேஜு வாசல மிதிச்சே. எங்கப்பன், அவங்கப்பன், எவனும் மிதிக்காத வாசலு. அந்தப் பிளாஸ்டிக்குக்கு நான் தெனம் சூடம் காட்டணும்.

— அது சர்க்கார் பேப்பர்ப்பா. தொலைஞ்சா தாலுகா ஆபீஸ்ல நாலு நடை நடந்தா இன்னொண்ணு குடுப்பான். இதுக்கு இன்னொண்ணு கிடையாது. நூத்தம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தன் விளக்கு வெளிச்சத்துல உக்காந்து கையால வரைஞ்சு, கையால கலர் குடுத்தது.

— அதுக்குத்தான பாப்பா போட்டேன். இன்னொரு நூத்தம்பது வருசம் கெட்டியா இருக்கட்டும்னு.

— இருக்காதுப்பா. அந்தப் பிளாஸ்டிக் உள்பக்கம் பூரா பசை. மிஷின் சூட்டுல அது உருகி பேப்பர் நாருக்குள்ள இறங்கிடுச்சு. இனிமே பேப்பர் வேற, பிளாஸ்டிக் வேற இல்ல. எந்த ஊர் நிபுணன் வந்தாலும் ரெண்டையும் பிரிக்கறது கஷ்டம். கொஞ்ச வருஷத்துல உள்ளுக்குள்ளயே மஞ்சளாகி, நொறுங்கி, வெளிய பாக்க மட்டும் பளபளன்னு இருக்கும். நீ இதைக் காப்பாத்தல. மூக்கையும் வாயையும் பொத்திட்டே.

— அப்டியா.

— அப்படித்தான்.

— எனுக்கு எவன் சொன்னான் பாப்பா அதெல்லாம்?

— என்னைக் கேட்டிருக்கலாம். போன்னு ஒண்ணு எதுக்கு இருக்கு?

— போட்டேன். நாலு வாட்டி போட்டேன். நாட் ரீச்சபுள்ன்றா அந்தப் பொம்பள.

— பல்லாவரத்துல தண்டவாளத்துல தண்ணி. ட்ரெயின் நின்னுடுச்சு. சார்ஜும் செத்துடுச்சு.

— பாத்தியா.

— என்ன பாத்தியா? பாத்தியான்னு என்ன? பத்து மணிக்கு ஹரிபிரசாத் சார் வராரு. அவரு கலெக்‌ஷன் இது. அவரு எங்கிட்ட நம்பிக் குடுத்தது. ஆபீஸ்ல பெயிண்ட் அடிக்கறாங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போய் ஒவ்வொரு படத்துக்கும் குறிப்பு எழுதி வை, ஞாயித்துக்கிழமை வந்து நானே வாங்கிக்கறேன்னாரு. வாயாலதான் சொன்னாரு. நாளைக்கு, நான் எங்க குடுத்தேன், இவளாத்தான் தூக்கிட்டுப் போனாள்னு சொன்னா, நான் திருடி. வேலை போகுது, விடு. போலீஸ் வரும். வாசல்ல ஜீப் நிக்கும்.

— ஏ, அப்டிலாம் பேசாத. உங்கம்மா கிருத்திகைன்னு குன்றத்தூர் மலைக்குப் போய்க்கிறா. அந்த முருகன் பாத்துப்பான்.

— முருகன் லேமினேஷன் பிரிப்பாரா?

— நக்கல் பண்ணாத. சரி, நான் ஒண்ணு கேக்கறேன். இத்தினி வண்டி கீதே, சோக்கா கீது, லாந்தரு இன்னா, மெத்த இன்னா. ஒண்ணுத்துலயும் குதிரயக் காணோமே? ஓட்றவன் குந்தற எடம் ஒசரமா கீது, ஓட்றவனக் காணும். வரஞ்சவன் பாதில எய்ந்து பூட்டானா?

— முழுசாத்தான் வரைஞ்சிருக்கான். பட்டணத்துல சாரட்டு செஞ்ச கம்பெனிப்பா. ராஜா, ஜமீன், வெள்ளைக்காரத் துரை எல்லாம் வருவான். காட்டறதுக்கு இந்தப் படம். பக்கவாட்டுல மட்டும்தான் வரைவாங்க. விக்கறது வண்டி. குதிரையும் ஓட்றவனும் வாங்கறவன் வீட்டுச் சொத்து, அதை எதுக்கு வரையணும்? கதவு நடுவுல வெறுமனே ஒரு இடம் விட்டிருக்கு பாரு. வாங்கறவன் முத்திரை அங்க வரும்.

— இந்தப் பளபளப்பு இப்ப பாய் போட்டதா, அப்பவே கீறதா?

— அப்பவே இருந்தது. வேலம்பிசின் கரைச்சுக் கறுப்பு மேல பூசியிருக்கான். அரக்கு பூசின மரம் மாதிரியே மின்னும். சாய்ச்சுப் பாத்தா ஓடும் அந்த வெளிச்சம். இப்ப எல்லாமே ஒரே மாதிரி மின்னுது. கதவும் மின்னுது, சக்கரமும் மின்னுது, வெத்துப் பேப்பரும் மின்னுது. ரேஷன் கார்டு மாதிரி.

— பாப்பா, மொகத்த அப்டி வெச்சிக்காத. பயமா கீது.

— இருப்பா. இது ஏன் சின்னதா இருக்கு?

— எது?

— இது. இதுவும். எல்லாமே. ஓரம் எங்கப்பா? சுத்தி நாலு விரல் அகலம் ஓரம் இருந்துதே. எங்க அது?

— அதுவா. மிஷினுக்குள்ள போவல பாப்பா, அகலம் ஜாஸ்தி. பாய்தான் சொன்னாரு, ஜெயவேலு, சுத்தி அயுக்கா கீது, கட் பண்ணிட்டா நீட்டா பூடும்னு. படத்து மேல ஒரு நூலு கூட படாம பாத்துகினேன். கூடவே நின்னேன்.

— கட் பண்ணிட்டாரு.

— ஸ்கேலு வெச்சி.

— அதுல பென்சில்ல எழுதியிருந்துச்சே.

— ஆமா, இன்னாவோ கிறுக்கி இருந்துச்சு. பொடிப் பொடியா. கொயந்த கிறுக்குனாப்ல.

— அது தமிழ்ப்பா.

— தமிளா?

— தமிழ். வண்டிக்குக் கீழ இங்கிலீஷ்ல அச்சடிச்ச மாதிரி பேர் எழுதியிருக்கே, அது கம்பெனிக்காக. ஓரத்துல பென்சில்ல எழுதினது அவனுக்காக. வரைஞ்சவன் எழுதினது. எத்தனை பேரோ, யாரோ, ஒருத்தன் பேரும் எங்கயும் கிடையாது. வண்டி வாங்கினவன் பேர் இருக்கு, கம்பெனிக்காரன் பேர் இருக்கு. இவனுங்களுக்கு அந்த ஓரம் மட்டும்தான் இருந்துச்சு.

— படிச்சியா நீ?

— ரெண்டு மூணுதான் படிச்சேன். எழுத்து அவ்வளவு பொடிசு, பாதி அழிஞ்சும் இருந்துச்சு. அதைப் படிக்கத்தான் லென்ஸ் வாங்கப் பாரிஸ் போனேன். லென்ஸும், நடுவுல வெச்சுப் பத்திரப்படுத்த பட்டர் பேப்பரும். இதோ, பையைக் கூட இன்னும் பிரிக்கல.

— போன்ல போட்டோ புட்ச்சி வெச்சிருப்பியே.

— எடுக்கக் கூடாதுன்னு சார் கண்டிஷன். வெளிய லீக் ஆகக் கூடாதாம். நான் கேட்டேன். நல்ல பொண்ணாச்சே நானு, சொன்ன பேச்சு கேக்கற பொண்ணு. ஒரு படம், ஒரே ஒரு படம் திருட்டுத்தனமா எடுத்திருக்கலாம். எடுக்கல.

— இரு. இரு, பாய்க்குப் போடறேன். வெட்டுனது கடைலதான கெடக்கும்? அலோ, பாய், சலாம். ஜெயவேலு. இல்ல, நல்லாத்தான் கீது. பாய், நேத்து ஓரம் வெட்டுனோமே, அந்தத் துண்டுலாம்? ஆங். யாரு, கூட்ற அம்மாவா? எப்போ? கொட்ற மயைலயா? சரி பாய். இல்ல பாய், அதுலாம் ஒண்ணியும் இல்ல. வெச்சிடறேன்.

— என்ன சொன்னாரு?

— ராவே கடைய கூட்டி ரோட்டோரம் கொட்டிட்டாங்களாம். அந்த மயைலதான் பாப்பா. காவாய்ல பூட்ச்சு.

— ம்.

— நான் போய்ப் பாக்கறேன். காவா அங்க சப்வேயாண்ட அடைச்சிக்கும், அங்க தேடுனா...

— பென்சில் எழுதின பழைய காகிதம்ப்பா. ராத்திரி பூரா சாக்கடைல. உக்காரு.

— ஒரு ரோசனை. இஸ்திரிப் பொட்டிய லேசா காட்டி இசுத்தா பிளாஸ்டிக்கு உரிஞ்சிகினு வரும். ஆட்டோ கண்ணாடில ஸ்டிக்கரு அப்டித்தான் எடுப்பேன் நானு. ஓரம் போனது போவட்டும். படத்தையாவது வெளிய எடுத்துடலாம்.

— கூடாதுன்னு படிச்சிருக்கேன்.

— படிச்சது பெரிசா, பத்து மணிக்கு ஆளு வர்றது பெரிசா?

— எது சின்னதோ அதைக் குடு. அந்த ரெட்டைக் கதவு வண்டி. பொட்டிய ரொம்ப சூடு பண்ணாத. துணி போடு மேல.

— போட்டேன். தோ, மூல நெகிழுது பாரு. நீ புடிச்சிக்கோ, நான் இசுக்கறேன்.

— வேணாம். நானே இழுக்கறேன்.

— மெள்ள.

— தெரியும்.

— வருது. பாப்பா, வருது பாரு.

— பேசாதப்பா.

— வெறும் பேப்பரு வந்துட்ச்சு. இப்ப சக்கரம். அத்த மட்டும் பாத்து.

— பேசாதன்னு சொன்னேன்.

— பாப்பா. அந்தக் கறுப்பு பிளாஸ்டிக்கோட வருது.

— பாத்துட்டேன்.

— நிறுத்து. நிறுத்து பாப்பா.

— பாதில விட்டா கிழியும். விட்டாலும் கிழியும்.

— கதவு பூட்ச்சு. வண்டிக் கதவு பூட்ச்சு பாப்பா.

— பிளாஸ்டிக்ல இருக்கு பாரு. தலைகீழா. நல்லா தெரியுது. கதவு, ஜன்னல், பாதி லாந்தர். இந்தப் பக்கம் பேப்பர்ல வெள்ளையா தோல் உரிஞ்ச மாதிரி.

— நான்தான் இஸ்திரிப் பொட்டின்னு சொன்னேன். ஏன் வாயி.

— இல்ல. இது நான் பண்ணது. படிச்சிட்டுப் பண்ணது.

— அய்வுறியா?

— இல்ல.

— அய்து தொலச்சிடு பாப்பா. இப்டிக் குந்திகினு சொவுத்தப் பாக்காத.

— உனக்குத் தெரியுமாப்பா, காலேஜ்ல எல்லாரும் சொல்வாங்க, எங்க தாத்தா பியானோ, எங்க பாட்டி டைரின்னு. அவங்க வீட்ல பழைய பொருள் தானா பழசாகும். யாரும் ஒண்ணும் செய்ய வேணாம், அலமாரிலயே இருக்கும். நம்ம வீட்ல ஒரு பொருள் ஒரு மழை தாண்டாது. பேப்பர்னா நமக்கு ஒண்ணுதான் தெரியும், சர்ட்டிபிகேட். அதைக் காட்டினாத்தான் உள்ள விடுவான். காட்டலன்னா வெளிய. வேற எதுக்காகவும் ஒரு காகிதம் இருக்கும்னு இந்த வீட்ல யாருக்கும் தோணாது. என்னைப் படிக்க வெச்சியே, அதுக்குப் பதிலா நீ போய் நாலு எழுத்து ஒழுங்கா படிச்சிருக்கலாம். இன்னிக்கு எல்லாருக்கும் உபயோகமா இருந்திருக்கும்.

— சரி பாப்பா.

— சரின்னு சொல்லாத. திருப்பித் திட்டு.

— இன்னான்னு திட்றது? நெசத்தத்தான சொல்றே.

— அந்தப் பொட்டிய அணைப்பா முதல்ல.

— நீ படிச்சேன்னியே ரெண்டு மூணு. அது இன்னான்னாச்சும் சொல்லு.

— எதுக்கு?

— சும்மா சொல்லேன்.

— ஒண்ணுல, சக்கரம் மஞ்சள்னு போட்டு அடிச்சு, துரை மனசு மாறிப்போச்சு, பச்சைன்னு எழுதியிருந்துச்சு. அடுத்த வரில, இது மூணாந்தரம்.

— ஹூம். சவாரிக்காரன் எல்லாக் காலத்துலயும் ஒரே மாதிரிதான். லெப்டுன்னுவான், ஏறிகினு ரைட்டுன்னுவான்.

— இன்னொண்ணுல, லாந்தர் நாளைக்கு. கண் மங்கல்.

— கண்ணு மங்கலா.

— அவ்வளவுதான். லாந்தர் மட்டும் அந்தப் படத்துல வேற மாதிரி இருந்துச்சு, கோடு கொஞ்சம் நடுங்கி. மறுநாள் வந்து வரைஞ்சிருக்கான். நான் அதை நம்ம ஜன்னல்கிட்ட வெச்சு ரொம்ப நேரம் பாத்தேன். அவனுக்கு ஒரு பேர் கண்டுபிடிச்சுடலாம்னு நெனச்சேன்ப்பா. எல்லா ஓரத்தையும் படிச்சா எங்கயாவது ஒரு இடத்துல தன் பேரை எழுதாமலா போயிருப்பான்? கேட்டலாக்ல போட்டுடலாம்னு இருந்தேன். வரைந்தவர் இன்னார். ஒரு வரி.

— கண்ணு போய்கினே வரஞ்சிருக்கான். அத்தப் போய் அயுக்குன்னு வெட்டிக் கடாசிட்டு வந்துக்கிறேன். கூடவே நின்னு பாத்துகினு நின்னேன் பாப்பா, நேரா வெட்டு பாய்னு வேற சொன்னேன். எங்காத்தா சத்தியமா சொல்றேன், இனிமே உன் பேப்பரு ஒண்ணுத்தயும் இந்தக் கையால தொட மாட்டேன். அந்தாளு வரட்டும். நான் சொல்லிக்கறேன், குட்ச்சிட்டு வந்து நான்தான் எட்த்துகினு போனேன்னு.

— நீ குடிக்கவே மாட்டியே.

— அவுருக்கா தெரியும்? எங்கள மாதிரி ஆளுன்னா குட்ச்சிட்டான்னா ஒட்னே நம்புவாங்க.

— அனுப்பிரியா? அனுப்பிரியா வீடு இதுதானே?

— வந்துட்டாரு. பேசாம இருப்பா. நான் பேசறேன். சார், வாங்க. உள்ள வாங்க சார்.

— என்னம்மா ரோடு இது, காரை மெயின் ரோட்லயே விட்டுட்டு செங்கல் மேல தாண்டித் தாண்டி வரேன். இவர் அப்பாவா? வணக்கம்.

— வணக்கம் சார். ஜெயவேலு. ஷேர் ஆட்டோ ஓட்றேன். குந்துங்க சார். அந்த சேரு நல்லா கீது, இது காலு ஆடும்.

— இருக்கட்டும், இருக்கட்டும். பேசிக்கலி நான் அஞ்சு நிமிஷத்துல கிளம்பணும். எங்கேம்மா ஷீட்ஸ் எல்லாம்?

— சார், குடுக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். நேத்து மழை. நான் வீட்ல இல்ல. தண்ணி வந்துடும்னு பயந்து இதையெல்லாம்...

— சார், அத்தப் பண்ணது நான். பாப்பா இல்ல. நான் நேத்து குட்ச்சிட்டு...

— அப்பா. சார், லேமினேட் ஆயிடுச்சு. எல்லாமே. ஓரமும் வெட்டிட்டாங்க. திரும்ப எடுக்க முடியாது. என் பொறுப்புல இருந்தப்ப நடந்துச்சு. நீங்க என்ன செய்யணுமோ செய்ங்க.

— காட்டுங்க பாக்கலாம்.

— இந்தாங்க.

— ம்ம். எங்க போட்டீங்க இதை?

— தாம்பரத்துல சார். ஷாகுல் பாய்னு ஒருத்தரு. அவுரு மேல தப்பு இல்ல சார், நான்தான்...

— பாருங்க, ஒரு குமிழி கூட இல்ல. கார்னர் எல்லாம் எவ்வளவு ஷார்ப்பா இருக்கு. நான் எங்க ஆளுங்ககிட்ட ஒரு மாசமா தலைதலையா அடிச்சுக்கறேன், ஒருத்தனும் ஒழுங்கா ஒரு சாம்பிள் காட்டல.

— சார்?

— என்னம்மா பேயறைஞ்ச மாதிரி நிக்கறீங்க? ஈசிஆர்ல நம்ம மேரேஜ் ஹால் வருதே, டைனிங் பூரா சாரட்டு தீம். ஒவ்வொரு டேபிள் மேலயும் ஒரு ஷீட். ஒரிஜினல். உக்காந்து சாப்பிடறவன் எலைக்குப் பக்கத்துல நூத்தம்பது வருஷம். சாம்பார் கொட்டினா தொடச்சுக்கலாம், அதுக்கு இந்த மாதிரிதான் வேணும்னு சொல்லிட்டிருந்தேன்.

— கேலரின்னு சொன்னீங்க. ஹெரிடேஜ் கேலரி, குறிப்பு எழுதுன்னு சொன்னீங்க சார்.

— கேலரிதான்மா. கேலரி டைனிங். உங்க குறிப்பு மெனு கார்டுல வரும். சின்னச் சின்னதா எழுதியிருக்கீங்க இல்ல?

— சார், இது போட்டா பேப்பர் செத்துடும். மஞ்சளாகி நொறுங்கிடும். ஓரத்துல தமிழ்ல எழுத்து இருந்துச்சு, வரைஞ்சவங்க எழுதினது. அதைப் படிச்சா...

— அந்த அழுக்கு போனதுதான் முதல்ல நல்லா இருக்கு. நீட்டா இருக்கு பாருங்க. அனுப்பிரியா, நீங்க நல்லா எழுதறீங்க, ஆனா எமோஷனலா ஆயிடறீங்க. இது யாரோட பொருள்?

— உங்களோடது.

— அவ்வளவுதான் விஷயம். இது என்ன?

— அது...

— இதை யார் இப்படிக் கிழிச்சது? மீதி எல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கு, இதுல மட்டும் கதவைக் காணோம்?

— அது நாந்தான் சார், இஸ்திரிப் பொட்டி வெச்சி...

— இல்ல சார். நான் கிழிச்சேன். பிளாஸ்டிக்கை எடுத்துடலாம்னு பாத்தேன்.

— யாரைக் கேட்டு?

— யாரையும் கேக்கல.

— பாருங்க, நான் கத்தறவன் இல்ல. ஆனா இது டேமேஜ். ரெண்டு கதவு வண்டி இது ஒண்ணுதான் செட்ல. எங்க லாயர்கிட்ட சொன்னா முதல்ல ஒரு கம்ப்ளெயிண்ட் குடுங்கன்னுதான் சொல்வார். வீட்டுக்கு எப்படி வந்ததுன்னு போலீஸ் கேக்கும். நான் குடுத்தேன்னு சொல்லலாம், மறந்தும் போகலாம். நீங்க நாளைக்கு வர வேணாம். என்ன செய்யறதுன்னு யோசிச்சுச் சொல்றேன்.

— சார், சார். சின்னப் பொண்ணு சார். எங்க வூட்ல அதான் மொத படிச்ச புள்ள. தெரியாம பண்ணிட்ச்சு. போலீஸு கீலீஸு வாணாம் சார்.

— ஜெயவேலு, நீங்க பதறாதீங்க. உங்க வேலை எனக்குப் பிடிச்சிருக்கு. உங்க பொண்ணு படிச்சுட்டு கெடுத்ததை நீங்க படிக்காம நல்லா பண்ணியிருக்கீங்க. சேலையூர் குடோன்ல இந்த மாதிரி இன்னும் பெட்டி பெட்டியா இருக்கு. அதையும் இதே கடையில, இதே மாதிரி, ஓரத்தை வெட்டி நீட்டா போட்டுக் குடுங்க. ஹால் திறக்கறதுக்குள்ள முடியணும். முடிச்சுக் குடுத்தீங்கன்னா இந்த ஒரு ஷீட்டை நான் பாக்கவே இல்லன்னு வெச்சுக்கறேன்.

— பாப்பாவோட வேல சார்?

— அதுவும் இருக்கும். நாளைக்கே வரட்டும்.

— அப்பா. எனக்கு அந்த வேலை வேணாம். போலீஸ் வந்தா வரட்டும், நான் போய் நிக்கறேன். அந்தப் பெட்டில எல்லாம் ஓரம் இருக்குப்பா. ஒருத்தனும் தொடாம அப்படியே இருக்கு. முடியாதுன்னு சொல்லுப்பா. ஒரு வார்த்தை. இவ்வளவு நேரம் நான் பேசினது எல்லாத்துக்கும் உன் கால்ல விழறேன். முடியாதுன்னு மட்டும் சொல்லு.

— நீ உள்ள போ பாப்பா. சார், அந்தப் பொட்டிங்கள நாளைக்குக் காலம்பரவே அனுப்பிடறீங்களா, இல்ல நானே ஆட்டோ எட்த்துகினு வந்து ஏத்திக்கட்டுமா?